கழுக்குன்றக் கழுகும் ஏதுப் போலியும்

பொத்தேரிக்குத் தெற்கே, செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் உள்ளது திருக்கழுக்குன்றம். வேதகிரியின் மேல் நண்பகல்தோறும் இரண்டு கழுகுகள் வந்து, பண்டாரம் இடும் சர்க்கரைப் பொங்கலை உண்டு சென்றமை பல தலைமுறையினர் கண்கூடாகக் கண்ட செய்தி. அதனை மறுப்பார் இலர். சாபம் பெற்ற முனிவரே யுகத்துக்கு இருவராகக் கழுகுருக் கொண்டு வருகின்றனர் என்பது வழிவழி வந்த புராணம். புராணத்தைப் புராணமாகப் போற்றுவாரோடு நமக்கு வழக்கில்லை. ஆயின் அதனை மெய்ந்நிகழ்ச்சி என நிறுவப் புகுந்தோர், 'நாள்தோறும் இரண்டே வருகின்றன. ஆதலின் அவை என்றும் உள்ள அவ்விரண்டே' என ஏதுக் காட்டுவர். அவ்வேது ஆராயத்தக்கது.

இதனை அளந்து பார்க்க அயல்நாட்டு நூல் வேண்டா. மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதையில், ஏதுப் போலி அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாக வகுக்கப்படுகிறது. சபக்கத்தும் விபக்கத்தும் ஒப்ப நிற்கும் ஏது, அநைகாந்திகத்துள் சாதாரணம் எனப்படும். சாவாத இரு பறவைகள் உளவாயின் இரண்டே வரும். ஓர் இணை மாய, மற்றோர் இணை அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளினும் இரண்டே வரும். குன்றுக்கு வந்தவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தன. அவை இணையாக வாழ்வன. பாறையிடுக்கில் கூடு கட்டுவன. உணவு தவறாது கிடைக்கும் இடத்தை மறவாதன. எனவே இரண்டென்னும் எண் எதனையும் நிறுவவில்லை.

ஊர்ப்பெயரைச் சான்றாக்குவாரும் உளர். முதலாம் ஆதித்த சோழன் காலக் கல்வெட்டிலேயே அப்பெயர் உண்டு என்பது உண்மையே. குன்றில் கழுகு வாழ்ந்தமைக்கு அது சான்றாகலாம். ஒரே கழுகு வாழ்ந்தமைக்கு ஆகாது.

1990களின் இறுதியில் பறவைகளின் வருகை நின்றது. மக்களின் பாவம் மிகுந்ததே காரணம் என்றனர். வந்தாலும் புராணம் மெய், வாராவிடினும் புராணம் மெய் எனின், அக்கூற்றைப் பொய்ப்பிக்கவல்ல நிகழ்ச்சி யாது? அதே காலத்தில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடிந்தன. கால்நடைக்கு இட்ட டைக்ளோபினாக் மருந்து அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தமை பின்னர் அறியப்பட்டு, 2006இல் கால்நடை மருத்துவத்தில் அது தடை செய்யப்பட்டது. மஞ்சள்முகப் பாறும் அந்நாளில் அருகிற்று.

எனினும், வேறு சான்றின்றி இக்குன்றத்துப் பறவைகளின் மறைவை அம்மருந்தின் மேல் ஏற்றுதலும் போலியே ஆகும். காலம் ஒத்தமை காரணம் ஆகாது. இறந்த பறவையின் உடலை ஆராய்ந்தே அதனைத் துணிதல் கூடும். பாவம் என விடை கண்டு அமைந்தார்க்கு அவ்வுடலைத் தேடும் வேலை இல்லை.