லேப்டாப்பில் பிறக்கும் உணரிகள்

பனமரத்துப்பட்டியிலிருந்து பஸ் ஏறிச் சேலத்துக்குப் படிக்க வரும் பிள்ளைக்குக் கோடிக்கணக்கில் செலவாகும் ஆய்வகம் எட்டாது. ஒரு லேப்டாப்பும் இலவச மென்பொருளும் இருந்தால் கார்பன் நானோகுழாயின் மின்பண்புகளைக் கணித்து உலகத் தரத்தில் கட்டுரை எழுதிவிடலாம் என்று நம் பேராசிரியர்கள் சிலர் வாதிடுகிறார்கள். நல்லெண்ணம்தான். வாதம் தவறு.

கணிப்பின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. எந்தக் குழாய் உலோகம், எது குறைகடத்தி என்பதை 1992லேயே கணக்கு சொல்லிவிட்டது. சோதனை அதை உறுதிசெய்ய 1998 ஆனது. இன்றைய கணிப்புகளுக்கு அடிப்படையான அடர்த்திச் சார்புக் கோட்பாட்டை (டிஎஃப்டி) வகுத்த வால்டர் கோனுக்கு அதே ஆண்டு நோபலும் கிடைத்தது. அந்தக் கணக்கைப் போடும் குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ, சியெஸ்டா போன்ற மென்பொருள்கள் காசில்லாமல் கிடைப்பது பெரிய வரம்.

ஆனால் கோனின் கோட்பாடு உத்தரவாதம் தருவது அடிநிலை ஆற்றலுக்கும் எலக்ட்ரான் அடர்த்திக்கும்தான், மின்சாரம் கடத்த எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றலான பட்டை இடைவெளிக்கு அல்ல. வழக்கமான எல்டிஏ தோராயம் இடைவெளியைக் குறைத்தே காட்டும் என்பது 1980களிலிருந்தே தெரிந்த சேதி; பின்னால் வந்த பிபிஇயும் அப்படித்தான். நானோகுழாயில் இது இன்னும் மோசம். ஒற்றைப் பரிமாணத்தில் அடைபட்ட எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கடுமையாகப் பாதிக்கின்றன. (8,0) வகைக் குழாய்க்கு எல்டிஏ தருவது சுமார் 0.6 எலக்ட்ரான் வோல்ட். 2004இல் ஸ்டீவன் லூயி குழுவினர், இந்தப் பாதிப்பையும் கணக்கில் கொள்ளும் ஜிடபிள்யூ முறையில் கணக்கிட்டபோது சுமார் 1.75 வந்தது. ஏறக்குறைய மூன்று மடங்கு!

இவ்வளவு தெரிந்தும், குழாய்மேல் ஒரு வாயு மூலக்கூறை ஒட்டவைத்து, இடைவெளி 0.60இலிருந்து 0.57க்கு இறங்கியது, ஆகவே இது வாயு உணரி என்று முடிக்கும் ப்ராஜெக்டுகளுக்குக் குறைவில்லை. ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் பிசகிய கணக்கில் 0.03க்கு என்ன மதிப்பு? வித்தியாசம் எடுக்கும்போது பிழைகள் கழிந்துவிடும் என்பார்கள். கழியும் என்று யார் சோதித்தார்கள்? உண்மையான நானோகுழாய் உணரியில் மின்தடை மாறுவதற்கு மின்னூட்டப் பரிமாற்றமும் உலோக முனையோடு குழாய் சேரும் இடமும் பெரிய காரணங்கள். காற்றின் ஈரமும் சும்மா இருப்பதில்லை. வெற்றிடத்தில், சுழி கெல்வினில், முனையே இல்லாமல் கணக்கிட்ட குழாய்க்கு இவை எதுவும் தெரியாது. இதை உணரி என்று எழுதவிடுவது பிள்ளையை ஏமாற்றுவது.

ஜிடபிள்யூ லேப்டாப்பில் ஓடாதுதான். ஆனால் அதைக் கணக்கிடும் யாம்போ, பெர்க்லிஜிடபிள்யூ மென்பொருள்கள் இலவசம். 2022இல் திருச்சி என்ஐடிக்குப் பரம் பொருள் மீக்கணினியும் வந்தாயிற்று. அதில் நேரம் கேட்டு விண்ணப்பம் எழுத மாணவரோடு உட்கார வேண்டியது வழிகாட்டியின் வேலை.