அட்டைக் கிரீடம்

மெக்சிக ஓவியர் ஃப்ரீடா காலோவின் துயரத்தைப் பேச வருவோர் பெரும்பாலும் 1939இன் ‘இரண்டு ஃப்ரீடாக்கள்’ ஓவியத்தின் முன்னால் நின்றுவிடுகிறார்கள். வரைந்தது, கணவரும் ஓவியருமான ரிவேராவுடன் மணமுறிவு நேர்ந்த ஆண்டில். ஓர் உருவத்துக்கு ஐரோப்பிய வெள்ளுடை, மற்றதற்கு மெக்சிகோவின் தெவானா உடை. இரு இதயங்களையும் ஒரே ரத்தக்குழாய் இணைக்கிறது. இழப்பும் தேச அடையாளமும் அருகருகே அமர்ந்திருப்பதால் உரைகாரருக்கு வேலை மிச்சம். அந்த வசதியே என்னை ஐயப்பட வைக்கிறது. உடையே வாதம் செய்துவிட்டால் தூரிகைக்கு என்ன வேலை? அந்தப் படத்தில் இன்றும் என்னை நிறுத்துவது, இடுக்கியால் இறுக்கியும் நிற்காமல் பாவாடையில் சொட்டும் ரத்தம் மட்டுமே.

இழப்பும் தேச அடையாளமும் கூடுதல் கண்டிப்போடு சந்திப்பது 1937இல் வரைந்த, அரை மீட்டர் உயரம்கூட இல்லாத ஒரு படத்தில். ‘மூன்று வயதில் இறந்த தீமாஸ் ரோசாஸ்’ என்று தலைப்பைச் சொல்லலாம். ‘இறந்த’ என்பதற்கான ஸ்பானியச் சொல்லில் ஒட்டியிருக்கும் செல்லம் தமிழில் வர மறுக்கிறது. இறந்த குழந்தைக்குப் புனிதர் வேடமிட்டு உருவப்படம் செய்வது மெக்சிகோவில் காலனிக்கால மரபு. பின்னர் நிழற்படக்காரர்களும் அதைத் தொடர்ந்தார்கள். குழந்தை நேரே வானுலகம் போகிறது, ஆகவே அழக்கூடாது என்பது நம்பிக்கை.

காலோ மரபின் இலக்கணத்தை மீறவில்லை: புனித சூசையப்பரின் மேலங்கி, அட்டைக் கிரீடம், கையில் பூ, சுற்றிலும் சாமந்தி. ஆனால் மரபு தந்த ஆறுதலைத் தர மறுக்கிறார். கண்கள் பாதி திறந்திருக்கின்றன; வாயோரம் ரத்தம் கசிந்திருக்கிறது; வெறுங்கால்கள் நம்மை நோக்கி நீண்டிருக்கின்றன. உடலுக்கு அடியில் பெதாதே, கோரைப்பாய். ஏழைகள் படுப்பதும் அதில்தான், பிணமாய்க் கிடப்பதும் அதில்தான். ‘செத்துப்போவது’ என்பதற்கு மெக்சிகப் பேச்சில் அந்தப் பாயிலிருந்தே ஒரு வினைச்சொல் உண்டு. புரட்சிக்குப் பின் கல்வி அமைச்சகச் சுவர்களில் ரிவேரா வரைந்த உழவர் பெருமிதத்துக்கு இந்தப் பாய் தரும் மறுமொழி, எந்தத் தேசிய உடையும் தராதது.

குறைகளும் உண்டு. தலையணை மேல் கசையடி படும் கிறிஸ்துவின் சிறு படத்தை வைத்தது மிகை; காலே சொல்லி முடித்ததைப் பக்தி மறுபடி சொல்கிறது. இதைவிடக் கனமானது இன்னொன்று. பெற்றவள் சட்டகத்தில் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பெண் உழவன் பிள்ளையின் பிணத்தைக் காட்சிப்பொருளாக்கினார் என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது. 1938இல் நியூயார்க்கில் ‘சொர்க்கத்துக்கு அலங்கரித்தது’ என்ற பொருளுள்ள தலைப்போடு இது காட்டப்பட்டபோது, பிள்ளையின் பெயரும் போய்விட்டது.

எனினும் தலைப்பு மாறினாலும் படம் மாறவில்லை. தன் முகத்தை விலக்கிக்கொண்டு அடுத்தவர் இழப்பைப் பார்த்த இடத்தில் காலோவின் கை மேலும் உறுதியாக இருக்கிறது. ஓவியச் சாதனை என்ற அளவில் ‘இரண்டு ஃப்ரீடாக்க’ளுக்கு மேலாகவே இதை வைப்பேன். கீழ்விளிம்பில் அவரே எழுதியிருக்கிறார்: குழந்தையின் பெயர், வயது, ஆண்டு.