அணுக் கதையில் விடுபட்ட கோடுகள்

அணு மாதிரிகளின் வரலாற்றை நம்ம பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் நாலு படத்தில் முடித்துவிடும். டால்டன்: குண்டு. தாம்சன்: தர்பூசணி. ரூதர்போர்டு: நடுவில் கரு. நீல்ஸ் போர்: வட்டப்பாதைகள். ஒவ்வொருத்தரும் முந்தினவர் தப்பைத் திருத்தினார், அவ்வளவுதான். மனப்பாடத்துக்கு வசதி. ஆனா எலக்ட்ரான் குறிப்பிட்ட சில பாதைகளில் மட்டும்தான் சுற்றணும்னு 1913இல் போர் ஏன் சொன்னார்? அதற்குப் படத்தில் பதில் இல்லை.

பதில் ஒளியில் இருக்கிறது. ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில நிறமாலைக் கோடுகளைத்தான் காட்டும். ரூதர்போர்டின் அணுவை வைத்து அதை விளக்க முடியவில்லை. பழைய இயற்பியல்படி, சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து கருவுக்குள் விழுந்தே ஆகணும்.

இந்தக் கோடுகளை வைத்து வேலை செய்த இடம் ஒன்று நம்ம பழனி மலையிலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் கோடுகள் லேசாக இடம் விலகியிருப்பதைக் கவனித்தார். அங்கே வாயு வெளிப்பக்கம் பாய்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. இன்றும் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர். கோடு ஏன் உண்டாகிறது என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே அதை அளவுகோலாக்கிவிட்டார்கள்!

அதே ஆய்வகம் கால்சியத்தின் 'கே' கோட்டு ஒளியிலும் சூரியனைப் படம் பிடித்து வந்தது. கால்சியம் ஹைட்ரஜனைவிட நாற்பது மடங்கு கனம். அது எப்படிச் சூரியனின் மேலடுக்கு வரை தெரிகிறது? 1920இல் மேகநாத் சாகா விளக்கினார்: அது ஒரு எலக்ட்ரானை இழந்த கால்சியம், மேலே அழுத்தம் குறைவதால் எலக்ட்ரான் எளிதில் பிரிந்துவிடுகிறது. அணுவுக்குள் ஆற்றல் படிகள் உண்டு என்ற போரின் கருத்து இல்லாமல் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

கொடைக்கானல்தான் அணுவைக் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பெருமை பேசுவதும் தப்பு. போரின் முதல் கணக்கு ஹைட்ரஜனுக்குத்தான் சரியாக வந்தது. கால்சியம் போன்ற பல எலக்ட்ரான் அணுக்களுக்குக் குவாண்டம் இயக்கவியல் தேவைப்பட்டது. என் குறை ஒன்றுதான்: சான்றை மறைத்துவிட்டு முடிவை மட்டும் வரைந்து காட்டினால், மாணவருக்கு அறிவியல் ஆள் மாற்றி ஆள் சொன்ன அபிப்பிராயமாகத் தெரியும். ரூதர்போர்டு படத்துக்கும் போர் படத்துக்கும் நடுவில் ஒரு நிறமாலைப் படம் போடுங்கள். கொடைக்கானலில் எடுத்ததே போதும்.