சொல்லப்பட்டது, யாரால்?

கேள்வித்தாளை ஒரு பிரதியாக யாரும் வாசிப்பதில்லை. பதில்களைக் கூட்டிப் புள்ளிவிவரம் என்கிறோம். கேள்விகளுக்கு நடுவே கிடக்கும் 'இப்படியானால் இதைக் கேள், இல்லையேல் தாண்டிப் போ' என்ற வாக்கியத்தை அச்சக சமாச்சாரம் போல விட்டுவிடுகிறோம். அதிகாரம் சாவகாசமாகக் குடியிருப்பது அங்கேதான் என்பது என் வாசிப்பு.

அமெரிக்க அரசு மாதந்தோறும் வீடு வீடாக நடத்தும் வேலைநிலை ஆய்வை எடுத்துக்கொள்வோம். 1994 ஜனவரிக்கு முன்பு, போன வாரம் பெரும்பாலும் என்ன செய்தீர்கள் என்று அது ஆரம்பிக்கும். ஆனால் எல்லோரிடமும் ஒரே மாதிரி அல்ல. கேட்பவர் ஆளைப் பார்த்து மாற்றிக்கொள்வார்: 'வேலை பார்த்தீர்களா, வேறேதாவதா?' குடும்பப் பெண் மாதிரித் தெரிந்தால், 'வீட்டைக் கவனித்தீர்களா, வேறேதாவதா?' அதாவது வாயைத் திறக்குமுன்பே அவளுடைய பதில் தெரிந்துபோயிற்று! வீட்டுவேலை தவிர வேறு வேலை உண்டா என்ற கேள்வி பின்னால் வந்தது உண்மை. அதற்குள் அவள் யாரென்று தீர்மானமாகியிருக்கும்.

1994இல் காகிதம் போய்க் கணினி வந்தது. கூலிக்கோ லாபத்துக்கோ வேலை செய்தீர்களா என்று எல்லோருக்கும் ஒரே கேள்வி. நல்ல காரியம்தான். ஆனால் 'தெரிந்த பதில்' ஒழியவில்லை, கேட்பவரின் கண்ணிலிருந்து நிரலுக்குள் குடிபெயர்ந்தது. நெதர்லாந்துப் புள்ளியியல் துறை 1986இல் உருவாக்கிய பிளெய்ஸ் போன்ற வினாநிரல் மொழிகளில் இதற்குச் சில வரிகள் போதும்: முன்பு வாங்கிய பதில் இருந்தால் அதைச் சொல்லிக் காட்டு, 'ஆமாம்' என்றால் மேலே போ.

இதில் லாபமும் உண்டு. முன்பெல்லாம் ஒரே ஆள் ஒரே வேலையை மாதாமாதம் வேறு வேறு வார்த்தையில் சொல்ல, தொழில் மாறியதாகக் கணக்கில் ஏறிவிடும். அந்தப் பொய் மாற்றங்கள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால் ஓய்வுபெற்றவராகப் பதிவான முதியவரிடம் அது கேட்பதைப் பாருங்கள்: போன மாதம் நீங்கள் ஓய்வுபெற்றவர் என்று சொல்லப்பட்டது, இப்போதும் அப்படித்தானா? தமிழ் இலக்கணம் படித்த தோஷம், என் கண் 'சொல்லப்பட்டது' என்ற இடத்திலேயே நிற்கிறது. செயப்பாட்டுவினையில் சொன்ன ஆள் மறைந்துகொள்ளலாம். இந்த ஆய்வில் வீட்டிலுள்ள ஒருவரே மற்றவர்களுக்காகவும் பதில் சொல்லலாம். மனைவி சொன்னதோ மகன் சொன்னதோ, இந்த மாதம் அது முதியவரிடமே 'தெரிந்த பதிலாக' வந்து நிற்கிறது. சொன்னவரைக் காட்டிக்கொடுக்காமலிருக்க இந்த வினை உதவும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே இங்கே ஏதோ சில்லறை வேலை தேடிக்கொண்டிருக்கும் மனுஷன் 'இல்லை' என்று சொல்ல, தன் வீட்டிலேயே யாரோ ஒருவரை மறுத்தாக வேண்டும். 'ஆமாம்' என்றால் வேலை பற்றிய பெரும்பாலான கேள்விகள் அவரைத் தாண்டிப் போய்விடும். அப்படிச் சில கேள்விகள் இருந்தன என்பதே அவருக்குத் தெரியவராது.