முதல் பந்து கெட்ட பிறகு

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் வட்டாரத்தில் எந்த மின்னொளி வாலிபால் போட்டிக்குப் போனாலும், ஆட்டம் கை நழுவும் நேரத்தில் கூட்டம் திட்டுவது செட்டரைத்தான். “ஏன்டா அவனுக்கே போடுற? மூணு பேர் பிளாக்குக்கு நிக்கிறது தெரியல?” நன்றாகவே தெரிகிறது. வேறு வழி இல்லாமல்தான் போடுகிறார்.

நடந்தது இதுதான். எதிரணி ஆள் ஓடி வந்து எகிறி அடித்த சர்வீஸ், பின்வரிசைக்காரரின் முன்கையில் சரியாகப் படாமல் பக்கவாட்டில் தெறித்துவிட்டது. வலையோரம் காத்திருந்த செட்டர் திரும்பி, மூன்று மீட்டர் கோட்டைத் தாண்டி ஓடி, முழங்காலை மடக்கி அந்தப் பந்துக்கு அடியில் போய் நிற்கிறார். நடுவில் வேகப் பந்துக்குக் குதிக்கவிருந்த ஆள் இனி கணக்கில் இல்லை. மிச்சம் இருப்பது இடது ஓரம், வலது ஓரம், பின்வரிசை. இது எதிரணி பிளாக்கர்களுக்கும் தெரியும் என்பதால் அவர்கள் அவசரமே படாமல் நகர்ந்து கூடுகிறார்கள்.

ஒரு செட்டரை எடை போட வேண்டியது இந்த இடத்தில்தான் என்பது என் கட்சி. நாமோ நேர்மாறாகச் செய்கிறோம். தேர்வு நாளில் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பந்தைக் கையால் தூக்கிப் போடுவார். பையன் விரல் நுனியில் வாங்கி முன்னால் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று, ஒற்றைக் கையில் ஒன்று என்று அனுப்புவான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பந்து தலைக்கு மேல் பூப்போல வந்து இறங்கும்போது பத்துப் பேரில் எட்டுப் பேர் நல்ல செட்டர்கள். மாவட்டம் தாண்டி மண்டல ஆட்டத்துக்குப் போய், முதல் மூன்று சர்வீஸ் வாங்கியதும்தான் சாயம் வெளுக்கிறது.

சர்வீஸ் இன்று வெறும் தொடக்கம் இல்லை, அதுவே முதல் தாக்குதல். மேல்மட்ட ஆண்கள் ஆட்டத்தில் ஜம்ப் சர்வீஸ் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. 18 மீட்டர் நீள ஆடுகளத்தை அந்தப் பந்து கடக்க ஏறக்குறைய அரை நொடி. வேகம் மட்டுமல்ல, குறியும் இருக்கிறது. செட்டர் முன்வரிசையில் நிற்கும் மூன்று சுழற்சிகளில் அவர் அணிக்கு முன்னால் அடிக்க இரண்டே பேர். தங்கள் பலமான சர்வீஸ்காரரின் முறை அந்தச் சுழற்சிகளில் வரும்படி எதிரணி தன் வரிசையை அமைத்துக்கொள்ளும். செட்டர் பின்வரிசையில் இருந்தால், அவர் வலைக்கு ஓடி வரும் மூலையிலேயே சர்வீஸை இறக்குவார்கள். வலைக்கு முன்னால் குட்டையாகப் போட்டால் நடுவில் அடிப்பவரின் ஓட்டப்பாதையே அடைபடும். இதில் எதுவும் ஸ்கோர் ஷீட்டில் வராது. ஸ்பைக்கர் அடித்தது பிளாக்கில் பட்டுத் திரும்பினால் பிழை அவர் பெயரில். நல்ல பந்து கொடுக்க முடியாத செட்டரும், முதல் பந்தைக் கெடுத்தவரும் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள்.

கணக்கு இப்படி இடம் மாறி விழுவது வாலிபாலுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்பவர் நம் செட்டரைப் போலத்தான்: பந்து முதலில் அவர் கைக்கு வரும், யாருக்கு என்று அவர் முடிவெடுக்க வேண்டும். எதிரணியின் முன்வரிசைத் தடியர்கள் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். எறிவதற்கு முன்பே வீழ்த்திவிட்டால் அது ‘சாக்’. அதில் இழக்கும் தூரத்தைக் கல்லூரி ஆட்டத்தில் எறிதல் கணக்கில் கழிப்பதில்லை, ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள். 2021 நவம்பர் 27 அன்று மிச்சிகனுக்கு எதிராக ஓஹையோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் எறிந்த 49 பந்துகளில் 34 போய்ச் சேர்ந்தன. 394 யார்டு, 2 டச்டவுன், எதிரணி கையில் ஒன்றுகூட சிக்கவில்லை. இதை மட்டும் படிப்பவர் ஸ்ட்ரவுட்டின் அணி வென்றது என்றே நினைப்பார். அது 42-27 என்று தோற்றது. மிச்சிகனின் ஏய்டன் ஹட்சின்சன் ஒருவரே 3 முறை சாக் செய்திருந்தார்; எறிதல் எண்களில் அது தெரியவே இல்லை.

அமெரிக்க அலசல்காரர்கள் சொல்லும் இன்னொன்றையும் நாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். நெருக்கடியில் ஒரு குவார்ட்டர்பேக் காட்டும் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும். நிம்மதியாக நின்று எறியும்போது வரும் எண்கள்தான் ஓரளவு நிலையானவை. அப்படியானால் என் கட்சி அடிபடுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு இரவில் ஒரு செட்டர் விழுந்து புரண்டு எடுத்துக் கொடுத்த நான்கு அதிசயப் பந்துகளை வைத்து அவரை மேலே தூக்கக் கூடாது. அடுத்த இரவில் அவை வராமல் போகலாம். நான் பார்க்கச் சொல்வது அதிசயத்தை அல்ல, பழக்கத்தை. கால் பந்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததா? தோள் இடது ஓரத்தைப் பார்த்துத் திரும்பியதா? விரலால் எடுக்க முடிந்த பந்தைச் சோம்பலில் முன்கையால் தட்டினாரா? கடைசியாக, பந்து எங்கே இறங்கியது? வலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஆன்டெனாவுக்குச் சற்று உள்ளே, உயரமாக இறங்கினால் ஸ்பைக்கர் முழுக் கையையும் வீசலாம். பிளாக்கர் விரல் நுனியில் பட வைத்து வெளியே தள்ளலாம். வலையை ஒட்டி விழுந்தால் பிளாக்கருக்கு விருந்து. நடுவில் குட்டையாக நின்றால் ஸ்பைக்கர் உள்ளே ஓடி வந்து பிளாக்கிலேயே மோதுவார். முதல் பந்து நன்றாக வந்தால் ஏமாற்று வேலை காட்டலாம். கெட்டுப் போனால் யாருக்கு என்பதைவிட எப்படி என்பதுதான் பெரிது. அந்த நேரத்தில் நான்காம் இடத்துக்கே, அதாவது இடது ஓரத்துக்கே, மறுபடி மறுபடி போடும் பையனைத் திட்டாதீர்கள். அடிக்கத் தக்க பந்தா என்று மட்டும் பாருங்கள்.

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா தென் கொரியாவை வீழ்த்திய ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2018 ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற அணி தென் கொரியா. செட் விவரம் 25-27, 29-27, 25-22, 20-25, 17-15. கூட்டிப் பாருங்கள்: இரு அணிக்கும் 116 புள்ளி. இவ்வளவு ஒட்டி நடந்த ஆட்டத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது நன்றாக வந்த பந்துகள் அல்ல, அவை இரு பக்கமும் புள்ளியாகிவிடும். கெட்டுப் போன பந்துகளில் எத்தனையை உயிரோடு மறுபக்கம் அனுப்பினோம் என்பதுதான். அந்த இந்திய அணியில் இருந்த செட்டர்கள் முத்துசாமி அப்பாவு, உக்கிரபாண்டியன் மோகன் இருவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். முத்துசாமி அதே ஆண்டு பிரைம் வாலிபால் லீக்கில் அகமதாபாத் டிஃபெண்டர்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கியவர். உக்கிரபாண்டியன் 2024 மார்ச்சில் சென்னையில் கோப்பை வென்ற காலிகட் ஹீரோஸின் செட்டர். அந்த லீக்கில் ஒரு செட்டுக்கு 15 புள்ளிதான். ஒரு நல்ல சர்வீஸ்காரர் தொடர்ந்து நான்கு எடுத்தால் செட்டே போய்விடும். நாட்டுக்கே செட்டர் கொடுக்கும் மாநிலம் இது. அதனால்தான் மாவட்ட அளவில் நாம் ஆள் தேடும் விதம் எனக்கு வலிக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த வடக்கு மூலையில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. சிப்காட்டில் ஏ ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், பொன்னேரி அரசுக் கல்லூரிப் பையன்கள், கவரைப்பேட்டைப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் எல்லோரும் ஒரே மண் தரையில் ஆடுகிறார்கள். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறுவதால் ஒரே ஆறு பேர் சேர்ந்து பழகுவது அபூர்வம். செட்டருக்கும் ஸ்பைக்கருக்கும் நடுவே வர வேண்டிய புரிதல் வருவதற்குள் அணி கலைந்துவிடுகிறது. மாலையில் கிழக்கே பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடல் காற்று எழும். மிதவை சர்வீஸ் அந்தக் காற்றில் எங்கே வளையும் என்று அடித்தவருக்கே தெரியாது. உயரத் தூக்கிய பந்தும் அதே காற்றில் அரை மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே இங்கே வளரும் செட்டர்கள் பந்தைத் தாழ்வாகப் போடப் பழகுகிறார்கள். வெளி மைதானத்துக்கு அது சரியான புத்தி. உள்ளரங்கத்தில், மூன்று பேர் பிளாக்குக்கு எதிரே, அந்தத் தாழ்வான பந்துதான் அவர்களைக் கவிழ்க்கிறது. திறமைக் குறைவு என்று தேர்வாளர் எழுதிவிடுகிறார். அது பழக்கம். இரண்டு மாதம் உள்ளரங்கத்தில் விட்டால் மாறிவிடும்.

முதலமைச்சர் கோப்பைக்கு மாவட்ட அணி எடுக்கும்போது பந்தைக் கையால் தூக்கிப் போடுவதை நிறுத்திவிட்டு, வந்தவர்களிலேயே பலமாக சர்வீஸ் போடும் மூவரை எண்ட் லைனில் நிறுத்துங்கள். எதிரே மூன்று பேர் எடுக்கட்டும், செட்டர் போடட்டும். மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் போன பந்துகளை மட்டும் தனியாக எழுதுங்கள்: ஸ்பைக்கர் முழுக் கையால் அடித்தாரா, பந்தைத் தள்ளிவிட மட்டும் முடிந்ததா, அதுவும் இல்லையா. மூன்று கட்டம் போட்ட ஒரு தாளும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனும் இருந்தால் இந்தக் கணக்கை எழுதிவிடலாம். பந்தைக் கெடுத்தவர் பெயரையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.