சிப்பி ஓடும் சலவைக்கல் மெருகும்

கழிவுப் பொருளிலே கலையைக் காண வேண்டும் என்ற குரல் இன்று எங்கும் கேட்கின்றது. பள்ளிக்கூடக் கண்காட்சிகளிலே பிளாஸ்டிக் போத்தல் பூச்சாடியாகின்றது; கிழிந்த வலை திரைச்சீலையாகின்றது. பிள்ளைகளின் கை பழகுவதை நாம் குறைகூற வரவில்லை. ஆனால், அப்பொருளை ஆக்கியவர் யார், பயன்படுத்தியவர் யார், எறிந்தவர் யார் என்ற வினாக்களை விலக்கிவிட்டு அழகை மட்டும் பொறுக்கியெடுக்கும் கலைநோக்கு அரைகுறையானது என்பதே நம் கட்சி.

சண்டிகாரை எடுத்துக்கொள்வோம். அப்புதிய நகரை எழுப்புவதற்காகப் பல கிராமங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. பிரிவினையால் ஊரை இழந்து வந்தவரும் வீதி மேற்பார்வையாளருமான நேக் சந்த், அவ்விடிபாடுகளையும் உடைந்த வளையல்களையும் பீங்கான்களையும் இரகசியமாகச் சேர்த்துச் சிற்பங்கள் சமைத்தார். 1976 இல் அது பாறைத் தோட்டமாகத் திறக்கப்பட்டது. ஊரிழந்தவன் இடிந்த ஊர்களின் ஓடுகளைத் தொட்டு உருவாக்கிய கலை அது. பூச்சாடி வேலை அன்று.

நம் மன்னார்க் கரையிலோ கதை தலைகீழாக நிகழ்ந்தது. அரிப்பிலே கடலோரமாகச் சிதைந்து நிற்கின்றது ஒரு மாளிகை. பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் எழுப்புவித்தது. கிரேக்கத் தூண்முறையால் அதற்கு ‘டொறிக்’ என்று பெயர். மக்கள் வாயிலே அது அல்லிராணிக் கோட்டை. (வெள்ளைக்காரன் வீட்டைத் தம் கதைக்கு உரிமையாக்கிக்கொண்ட மக்களின் துணிவு நமக்குப் பிடித்திருக்கின்றது.) செங்கல்லாலான அத்தூண்கள் அன்று சலவைக்கல் போல மின்னின. 1807 இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் கோடினர் அம்மெருகின் மூலத்தையும் குறித்துச் செல்கின்றார்: சிப்பி ஓட்டைச் சுட்டெடுத்த சுண்ணச்சாந்து!

அந்த ஓடு எங்கிருந்து வந்தது? முத்துக்குளிப்புப் பருவத்திலே கொண்டச்சி, சிலாவத்துறைக் கரைகளில் ஓலையாலும் கம்பாலும் ஒரு நகரமே முளைத்தெழும். தூத்துக்குடிப் பரவர், கீழக்கரை முஸ்லிம்கள், வணிகர், கடன் கொடுப்போர், சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதாகக் கூறும் கடற்கட்டி — அத்தனை பேரும் அங்கே கூடுவர். பாரக்கல்லிற் காலூன்றி, கயிற்றைப் பற்றி, மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கியவன் கொணர்ந்த சிப்பி, கரையிலே அழுகவிடப்பட்டது. நாற்றத்தின் நடுவே நின்று கழுவி அரித்து முத்தெடுத்தனர். முத்து வணிகனிடம் போயிற்று. வருவாயிற் பெரும்பங்கு அரசுக்குப் போயிற்று. பருவம் முடிந்ததும் நகரம் மறைந்தது. ஓடு மட்டும் மணலிலே குவிந்து கிடந்தது. அந்த ஓடே தேசாதிபதியின் தூணிலே மெருகாக ஏறியது.

டொறிக்கைப் பற்றிப் பேசும் கலைரசிகர் தூண்களின் அளவையும் ஒழுங்கையும் வியப்பர். அவர்கள் கண்ட அழகு பொய்யன்று. அதிற் பாதி, மூச்சடக்கியவனின் உழைப்புக்குப்பின் எஞ்சிய கழிவு என்பதைச் சொல்லாமல் விடுவதே பொய்.

கடல் இன்று அக்கட்டடத்தின் அடியை அரித்துவருகின்றது. அதனைக் காக்க வேண்டும் என்ற கோரிக்கையில் நமக்கும் உடன்பாடே. காத்தபின் அங்கே நாட்டும் பலகையில், நோர்த்தின் பெயருக்குக் கீழே குளித்தவரைப் பற்றியும் சுட்டவரைப் பற்றியும் இரண்டு வரி எழுத இடம் விடுவார்களா? மாணவரை அவ்விடம் அழைத்துச் செல்லும் ஆசிரிய நண்பர்கள், தூண்களை வரையச் சொல்வதற்கு முன், அந்தச் சாந்து எதனால் ஆனது என்று கேட்டுப் பார்க்கலாம்.