வெனிஸ் மன்றில் அருள்

சேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை நீதிக்கும் அருளுக்கும் இடையிலான போராட்டம் எனக் கூறி, போர்ஷியாவின் அருளுரையைச் சிறப்பித்து, அத்துடன் ஆய்வை முடித்துவிடுவது நமது வகுப்பறைகளில் நிலைபெற்றுவிட்ட மரபாகும். அவ்வுரையோ நான்காம் அங்கத்து வழக்குக் காட்சியின் நடுவிலேயே முடிந்துவிடுகின்றது. அதன் பின்னர் அம்மன்றில் நிகழ்வனவே அவ்வுரைக்கு உரைகல் என்பது பலராலும் நோக்கப்படுவதில்லை.

முதற்கண் வெனிஸின் நீதி எத்தகையது என்பது தெளிவாதல் வேண்டும். மூவாயிரம் டுக்கற்று, மூன்று மாதத் தவணை, தவறின் ஓர் இறாத்தல் தசை என்னும் கடன்முறியைக் கோமகன் ஏன் தள்ளிவிடவில்லை? அன்ரோனியோவே விடை கூறுகின்றான். பிற நாட்டு வணிகருக்குரிய உரிமையை மறுத்தால் நகரின் நீதியில் எவருக்கும் நம்பிக்கையிராது. நகரின் செல்வமோ அவ்வணிகரைச் சார்ந்தது. ஆகவே இது துறைமுக நகரொன்றின் நீதி. வாணிக நாணயத்தின் மறுபெயர். கப்பல் வரவை எதிர்நோக்கிக் கடன் கொடுத்து வாங்கிய கீழைக்கரைத் துறைகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலிலிட்ட மன்னனின் கதை சோழ நாட்டிலும், எல்லாளன் பெயரால் மகாவம்சத்திலும் வழங்குகின்றது. அங்கு நீதி வழங்குபவன் தானே இழக்கின்றான். வெனிஸில் நீதி வழங்குவோர் எதனையும் இழப்பதில்லை.

திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய விபுலாநந்த அடிகள், 1926இல் வெளிவந்த 'மதங்க சூளாமணி'யில் சேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களைத் தமிழ் மரபு நின்று ஆராய்ந்தார். அவ்வழி நின்று நோக்குமிடத்து, போர்ஷியா வேண்டும் பண்பைத் தமிழில் எச்சொல்லாற் குறிப்பது என்ற வினா எழும். வள்ளுவர் அருளுடைமையை (25ஆம் அதிகாரம்) துறவறவியலில் வைத்தார். அரசனுக்கு அவர் விதித்தது கண்ணோட்டம் (58). செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகியவற்றையடுத்து அது வைக்கப்பட்டிருத்தல் மனங்கொள்ளத்தக்கது. எதிரே நிற்பவன்மீது கண் ஓடுதலே கண்ணோட்டம். கடமை சிதையாமல் அது நிகழ வேண்டுமென்பதும் வள்ளுவர் கருத்து. போர்ஷியா இறைவனின் அருளைப் பேசுகின்றாள். மன்றிலே தேவைப்பட்டதோ கண்ணோட்டம். அதனைச் சைலொக்கும் காட்டவில்லை என்பது உண்மையே. அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்பவன். அவனை நல்லவனாக்கி எழுதும் இக்கால வழக்கு நாடகத்தை மெலிவிப்பதாகும். ஆயின், விலைக்கு வாங்கிய அடிமைகளை நீங்கள் விடுவிப்பீர்களா என்று அவன் வெனிஸ் பெருமக்களை வினவும்போது, அவ்வினாவுக்கு மறுமொழி கூறுவார் எவருமிலர். தசை அவனுடையதாயின் அவ்வடிமைகளும் அவர்களுடையவரே. இரண்டும் ஒரே சட்டத்தின் பேறு.

தீர்ப்புத் திரும்பியபின் அருள் காட்டும் முறை வெனிஸுக்கு வருகின்றது. குடிமகன் ஒருவனின் உயிரைக் குறிவைத்த அந்நியனுக்கென ஒரு சட்டம் அப்போதுதான் வெளிப்படுகின்றது. சட்டத்தின் முன் எல்லோரும் சமமென நின்ற மன்று, அவன் அந்நியன் என்பதை அக்கணத்தில் நினைவுகூர்கின்றது. கோமகன் உயிரை அளிக்கின்றான். அன்ரோனியோ இரு நிபந்தனைகள் விதிக்கின்றான்: சைலொக் உடனே கிறித்தவனாதல் வேண்டும், இறக்கும்போது உள்ள உடைமை அனைத்தும் மகளுக்கும் அவளைக் கவர்ந்து சென்ற லொறன்சோவுக்கும் சேருமென உறுதி எழுதுதல் வேண்டும். மறுப்பின் மன்னிப்பு மீட்கப்படும் என்கின்றான் கோமகன். அருள் வற்புறுத்தலுக்கு உட்படாதது என்று சற்றுமுன் சொன்ன போர்ஷியா, 'உனக்கு இது உடன்பாடா?' என்று மாத்திரம் கேட்கின்றாள்.

மதமாற்றம் ஆன்மாவை மீட்பதாதலின் அக்கால இங்கிலாந்து அவையோருக்கு இதுவும் அருளே என்பர் உரைகாரர். அவர் கூறுவது வரலாற்று நோக்கிற் சரியாகலாம். ஆயினும் திருகோணமலையிலிருந்து படிப்போர் அவ்விளக்கத்துடன் அமைதியடைதல் இயலாது. இந்நாடகம் 1596-97 அளவில் எழுதப்பட்டு 1600இல் அச்சேறியது. அதன்பின் கால் நூற்றாண்டு கழியுமுன், கொன்ஸ்தந்தீன் டி சா தலைமையிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைத் தகர்த்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். இன்றும் பிரெடரிக் கோட்டையென நிற்பது அதன் வழிவந்ததே. பின்வந்த ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானம் பெறாதார்க்கு அரச பதவி இல்லை. தேவாலயப் பதிவில்லாத மணத்தின் பிள்ளைகளுக்கு முதுசத்தில் உரிமை நிறுவுவதும் அரிதாயிற்று. தலைக்குமேல் வாள் இல்லை. ஆயினும் நிபந்தனை இருந்தது. பதவிக்காகவும் காணிக்காகவும் 'உடன்பாடே' என்று சொன்னவர்கள் இக்கரையோரங்களிலும் வாழ்ந்தனர்.

சைலொக்கும் அச்சொல்லையே சொல்கின்றான். இக்காட்சியை மேடையேற்றுவோர் அதனை விரைந்து கடந்து, கிராசியானோவின் கேலிக்கு அவையோரைச் சிரிக்கவிடுவதுண்டு. நடிகன் நிறுத்தி நிதானித்துப் பேசவேண்டிய இடம் இதுவே. கையில் முறியும் தராசுமாக மன்றினுள் நுழைந்தவன், உடல்நலமில்லை, வீட்டுக்குப் போக விடுங்கள், நன்கொடை உறுதியைப் பின்னால் அனுப்புங்கள், கையொப்பமிடுகின்றேன் எனக் கூறி வெளியேறுகின்றான். ஐந்தாம் அங்கத்து நிலவொளியிலும் இசையிலும் அவன் தோன்றுவதில்லை. அவ்வுறுதி மாத்திரமே அங்கு வந்து சேர்கின்றது.